மைட்ரல் என்றால்

முதலிபாளையம், திருப்பூர்
18.01.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

பிலோமி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இரண்டரை வருஷமாக நீ சொன்னபடிதான் இருந்தேன். நான் சிவராஜைப் பதிவுத் திருமணம் செய்ததும், 'இனி அப்பாவுக்கும் எனக்கும் கடிதம் போடாதே' என்று எழுதினாய். நானும் போடவில்லை. இப்போது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரிய வேண்டும். அதைக் கேட்க உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நான் இப்போது ஐந்து மாசம். பனியன் கம்பெனியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும் என்று லைனில் எல்லோரும் சொன்னார்கள். பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டேன். இருமினால் எச்சிலில் ரத்தம். அவர் கட்டிங் டேபிளை விட்டு ஓடிவந்து என்னைத் தூக்கினார். கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய் நெஞ்சில் ஸ்கேன் எடுத்தோம்.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரே வார்த்தை நாலு இடத்தில் வருகிறது. மைட்ரல். டாக்டரிடம் கேட்டேன். "இதயத்துல ஒரு வால்வும்மா. சுருங்கிப் போயிருக்கு" என்றார். "அந்தப் பேருக்கு என்ன சார் அர்த்தம்?" என்றேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு" என்றார்.

எனக்குள்ளே ஒன்று கெட்டுப்போயிருக்கிறது. அதன் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? நீ குருமடத்தில் லத்தீன் படித்தவன். மே மாசம் உனக்குக் குருப்பட்டம், சாமியாராகிறாய் என்று ஊர்க்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். அம்மா இருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வார்த்தைக்கு அர்த்தம் மட்டும் எழுதினால்கூடப் போதும்.

பிலோமி


குருமடம், திருச்சி
27.01.2004

பிலோமினாவுக்கு,

கிறிஸ்துவின் சமாதானம் உன்னோடு இருப்பதாக.

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டதை நூலகத்தில் இரண்டு அகராதிகளில் பார்த்தேன்.

மைட்ரல் என்பது உருவத்தை வைத்துச் சூட்டிய பெயர். இதயத்தின் இடது பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு கதவு இருக்கிறது. நுரையீரலிலிருந்து வரும் நல்ல ரத்தம் அதன் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அதற்கு இரண்டே இதழ்கள். லத்தீனில் 'மித்ரா' என்றால் ஆயர்கள், அதாவது பிஷப்மார், பூசையில் தலையில் வைக்கும் உயரமான தொப்பி. முன்னால் ஒரு மடல், பின்னால் ஒரு மடல், நடுவில் பிளவு. சில நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஐரோப்பாவில் பிணங்களை அறுத்து உடற்கூறு படித்த ஒருவர், இந்த வால்வு ஆயர் தொப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது என்று எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

லத்தீனுக்கு இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே முதலில் அது தொப்பி அல்ல. தலையிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டும் பட்டைத் துணி. 'ஸ்டெனோசிஸ்' என்றும் ரிப்போர்ட்டில் இருக்கும். அதற்குக் குறுகிப் போதல் என்று பொருள்.

இங்கே இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். பொருட்படுத்தாதே.

இது எதனால் வந்தது என்று டாக்டர் சொன்னாரா? சொல்லியிருந்தால் எழுது. அப்பாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரையைத் தவறவிடாதே.

சவரிராயன்


முதலிபாளையம்
08.02.2004

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவரிடமும் படித்துக் காட்டினேன். "அட, உங்கண்ணன் ஒரு வார்த்தைக்கு இத்தனை சொல்றாருங்களா!" என்றார். துணியிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்றதும் அவருக்குச் சிரிப்பு. "நெஞ்சுக்குள்ளயும் பனியன் கம்பெனிதானுங்களா?" என்கிறார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஒரு மாசம் ஆகியிருந்தது.

ஆயர் தொப்பி என்றதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. எனக்கு உறுதிப்பூசுதல் கொடுக்க ஆயர் நம் ஊருக்கு வந்தாரே, அன்றைக்கு அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பீடத்தில் நின்றது நீதானே! எனக்குப் பத்து வயசு, உனக்குப் பதினாலு. அம்மா முன் வரிசையில் நின்று உன்னையே பார்த்து அழுதாள். ஆயர் என் நெற்றியில் எண்ணெய் பூசும்போதுகூட அவள் என்னைப் பார்க்கவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கோபம்.

காரணம் கேட்டிருந்தாய். போன வாரம் போனபோது டாக்டர், "சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்குச்சா?" என்று கேட்டார். "ஆமா சார், ஒம்பது வயசுல" என்றேன். "மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடச் சொன்னாங்களா?" "ஆமா சார். எங்கண்ணன்தான் என்னைய கோவில்பட்டிக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போவாக. ஒரு வருசம் போட்டாக. அப்புறம் டாக்டரே போதும்னுட்டாரு."

டாக்டர் பேனாவை மேஜைமேல் போட்டுவிட்டார். "எந்த டாக்டர் போதும்னு சொன்னது? இருபத்தோரு வயசு வரைக்குமாவது போட்டிருக்கணும். போட்டிருந்தா இந்த வால்வு இவ்வளவு கெட்டிருக்காதேம்மா."

அன்றிலிருந்து இவர் தூங்குவதில்லை. அந்த டாக்டர் யார் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறார். "கேஸெல்லாம் போட வேண்டாம். அந்தாளு மூஞ்சிக்கு நேரா நின்னு ஒரே ஒரு கேள்வி கேக்கோணும்" என்கிறார். எனக்கும் கேட்க வேண்டும்போல இருக்கிறது. எனக்கு அந்த ஆளின் முகம்கூட ஞாபகம் இல்லை. கடைசியாக அவரைப் பார்த்தவன் நீ. ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு நீ மட்டும் கோவில்பட்டிக்குப் போய்வந்து, 'போதும்னுட்டாரு' என்று அம்மாவிடம் சொன்னாய். அவர் பெயர் ஞாபகம் இருந்தால் எழுது.

வால்வுக்குள் பலூன் விட்டு விரிக்கப் போகிறார்கள். மார்ச் ஐந்தாம் தேதி. தொடையில் ஒரு ஓட்டை போட்டு அது வழியாகக் குழாயை விடுவார்களாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிரசவத்தை என் இதயம் தாங்காது என்கிறார்கள். பயமாக இருக்கிறது அண்ணே. எனக்காக வேண்டிக்கொள்.

பிலோமி


திருச்சி
25.02.2004, விபூதிப் புதன்

பிலோமி,

இதை எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. பத்துப் பதினைந்து தாள் கிழித்தேன்.

அப்படி ஒரு டாக்டர் இல்லை. போதும் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னது நான்.

ஆயர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை உனக்கு ஊசி நாள். அதே நாளில் கோயிலில் ஒத்திகை. ஒத்திகைக்கு வராதவனுக்குத் தொப்பி பிடிக்கும் வேலை கிடையாது என்று பங்குச் சாமி சொல்லியிருந்தார். அம்மா களையெடுக்கப் போயிருந்தாள். 'இன்னைக்கு ஊசி இல்ல பிலோமி' என்று உன்னிடம் சொன்னேன். நீ சந்தோஷத்தில் தெருவெல்லாம் ஓடினாய். அந்த ஊசி உனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், கூடவே உட்கார்ந்து பார்த்தவன். அம்மாவிடம் போட்டாயிற்று என்றேன்.

அடுத்த ஊசிக்கு முந்தின நாள் அட்டையை எடுத்துப் பார்த்தால் போன தேதிக்கு நேராகக் கட்டம் காலியாக இருந்தது. நர்ஸ் பார்த்தால் கேட்பாள், அம்மாவைக் கூட்டிவரச் சொல்வாள் என்று பயம். டாக்டரிடம் தேதி கேட்டு வருகிறேன் என்று நான் மட்டும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். உள்ளே போகவில்லை. அட்டையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். 'சரியாப் போச்சாம்மா, இனிமே ஊசி வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு' என்றேன்.

அம்மா அப்படியே மண்ணில் முழங்கால் போட்டாள். "சாமி, எம்பிள்ளைக்கு நல்லாச்சுன்னா மூத்தவன ஒனக்குக் குடுக்கேன்னு நேந்திருந்தேனே. கேட்டுட்டியே" என்று அழுதாள். அந்த நேர்ச்சை எனக்கு அதுவரை தெரியாது. அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வேன்? அடுத்த வருஷம் என்னைக் குருமடத்தில் சேர்த்தார்கள்.

அந்தத் தொப்பியை வெறும் கையால் தொடக்கூடாது. தோளில் வெள்ளைப் பட்டைத் துணியைப் போட்டு, அதன் நுனிகளுக்குள் கையை விட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஆயர் கழற்றித் தந்தபோதெல்லாம் என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எப்போதும் இருந்ததில்லை. இதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். உன் முதல் கடிதத்தில் அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. இருந்தும் நூலகத்துக்குப் போனேன். வேறு ஏதாவது அர்த்தம் இருக்காதா என்று பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கல்யாணத்தின்போது நான் எழுதிய கடிதம். வேறு மதத்துக்காரரைக் கட்டினாய் என்பதற்காக மட்டும் அவ்வளவு கோபப்படவில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

இதைச் சிவராஜிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். அவர் கேட்க வேண்டிய ஒரே கேள்வியை என் முகத்துக்கு நேராகக் கேட்கட்டும்.

சவரி


திருச்சி
21.03.2004

பிலோமி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மார்ச் ஐந்து போய்விட்டது. நன்றாக நடந்ததா என்று யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு கார்டில் 'இருக்கிறேன்' என்று மட்டும் எழுது.

குருமட அதிபர் சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாவசங்கீர்த்தனமும் செய்தேன். பதினாலு வயதில் பயத்தில் செய்தது, கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். பட்டத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்கிறார். மே பன்னிரண்டுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. அப்பா ஊரில் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் நான் பாவம் செய்தது உனக்கு. கடவுள் மன்னித்தால் போதுமா என்று கேட்டேன். சாமி, "தங்கச்சிக்கு எழுதுங்க" என்றார்.

என்னை மன்னித்துவிடு. மன்னித்துவிட்டேன் என்று நீ ஒரு வரி எழுதினால் நான் பட்டம் ஏற்றுக்கொள்வேன். இல்லாவிட்டால் மாட்டேன்.

சவரி


முதலிபாளையம்
04.04.2004, குருத்து ஞாயிறு

அண்ணனுக்கு,

இருக்கிறேன்.

பலூன் நன்றாகத்தான் நடந்தது. இப்போது படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. ஒன்பதாவது நாள் ஆஸ்பத்திரியிலேயே வலி வந்துவிட்டது. ஏழு மாசம். பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இரண்டு நாள் இருந்தாள்.

கைகளெல்லாம் இருந்தன அண்ணே. நகம்கூட இருந்தது. மூச்சு விடும்போது வயிறு உள்ளே குழிந்து போகும். நான் மூச்சுக்குத் திணறினதெல்லாம் அவளுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் நர்ஸ் என்னை உள்ளே விட்டு, "பாத்துக்கோம்மா" என்றாள். சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டது. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று நம் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களே. கையில் குடிக்கிற தண்ணீர் பாட்டில் இருந்தது. நெற்றியில் மூன்று சொட்டு விட்டேன். என்ன பெயர் வைப்பது என்று யோசித்து வைக்கவே இல்லை. வாயில் அம்மா பெயர்தான் வந்தது. ஞானப்பூ. இவர் கதவுக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்தில் புதைத்தார்கள். என்னைப் போகவிடவில்லை. அவர் அம்மா மயிலாத்தாள் என் காலடியில் உட்கார்ந்து, "அழுவு கண்ணு. அழுதுரு சாமி. உள்ள வெச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நம் வீட்டிலிருந்து அங்கே ஒருவரும் இல்லை.

உன் கடிதம் பலூனுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. படித்துவிட்டு மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் இவர், "டாக்டரு பேரு எழுதியிருந்தாங்களா?" என்று கேட்டார். "அவரு செத்துப் போயிட்டாராம்" என்றேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து சொன்னார், "அந்தாளு செத்துப்போனது நல்லதாப் போச்சு. உசுரோட இருந்திருந்தா இன்னைக்கு என்ன பண்ணியிருப்பன்னு எனக்கே தெரியலைங்க." நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேனா, இல்லை அவரைக் காப்பாற்றவா, தெரியாது. பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷனிடம் பொய் சொல்லிக்கொண்டு ஒரே தட்டில் சாப்பிடுகிறேன். நீ பதினாலு வருஷம் எப்படி இருந்தாய் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. தெரிவதால் கோபம் குறையவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்கிறாய். நேற்று உட்கார்ந்து அந்த வார்த்தையை எழுதிப் பார்த்தேன். எழுத முடிகிறது. ஆனால் அது உண்மை இல்லை. உனக்கு இன்னொரு பொய் வேண்டுமா?

அந்தச் சனிக்கிழமை நான் தெருவில் ஓடியது எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

உன் பட்டத்தை என் தலையில் கட்டாதே.

பிலோமி


திருச்சி
13.04.2004

பிலோமி,

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நான் கோயிலுக்குப் போகவில்லை. அறையில் உட்கார்ந்திருந்தேன். ஞானப்பூ என்ற பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது சரி. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அனுமதிச் சீட்டுக் கேட்டிருக்கிறேன். அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

எனக்காக நீ சொன்ன பொய்யோடு நீ அவரோடு வாழக்கூடாது. இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சிவராஜிடம் நானே சொல்கிறேன். வேண்டாம் என்றால் எழுது. பதில் வராவிட்டால் வருவேன்.

சவரி


முதலிபாளையம்
02.05.2004

அண்ணனுக்கு,

நீ வந்துபோய் ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கு உன்னிடம் பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேண்டாம் என்று எழுதக் கார்டு வாங்கினேன். எழுதவில்லை. நீ வாசலில் வந்து நின்றபோது முதலில் அடையாளம் தெரியவில்லை. அங்கியில் வருவாய் என்று நினைத்திருந்தேன். சட்டை கசங்கி, கன்னம் ஒட்டி, அப்பா மாதிரி இருந்தாய்.

இவர் உனக்கு நாற்காலி எடுத்துப் போட்டு, "வாங்க மச்சான், இப்பவாச்சும் வந்தீங்களே" என்று சிரித்தாரே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டேன். நீ சொன்னதெல்லாம் அங்கிருந்தே கேட்டேன். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. தொப்பியையும் சொன்னாய். அட்டையைக் கிழித்ததையும் சொன்னாய். "டாக்டர் யாரும் சாகலைங்க. பிலோமி என்னையக் காப்பாத்தச் சொன்ன பொய் அது. அந்த ஆளு நான்தான்" என்றாய்.

அவர் அடிப்பார் என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவர் அடிக்கவில்லை. "அவொ பொறக்கறப்ப எத்தனை கிராம் இருந்தான்னு தெரியுமுங்களா உங்களுக்கு?" என்று கேட்டார். அவர் டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீயும் நானும் ஒரே வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்தோம். நீ வாசல்படியில், நான் உள்ளே. உன் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். வந்து தொட வேண்டும் என்று தோன்றியது. எழுந்திருக்க முடியவில்லை.

எங்கே போனார் என்று பிறகு தெரிந்தது. தோட்டத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பியிருக்கிறார். வந்ததும் உன்னைப் பார்க்காமல் என்னிடம், "உங்கண்ணனைச் சோறு உண்டுட்டுப் போகச் சொல்லு" என்றார். நீ இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. பஸ் ஏற்றிவிட அவரே வந்தார் என்று உனக்கு நம்பிக்கை வந்திருக்கலாம். அப்படி நினைக்காதே. வீட்டுக்கு வந்து, "இன்னொரு தடவை வந்தா என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியலை பிலோமி" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதார். பிள்ளை போனதற்கு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நான் சொன்ன பொய்யைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருக்கிறேன்.

பட்டத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டேன் என்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாய். அப்பாவிடம் காரணத்தையும் சொல்லிவிட்டாயாம். அவர் அழைப்பிதழ்களைத் திரும்ப வாங்க வீடு வீடாகப் போகிறார் என்றாய். பாவம். அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, வருத்தப்பட வேண்டுமா? நீ சாமியாராக ஆனாலும் ஆகாவிட்டாலும் என் பிள்ளை வரமாட்டாள். அதை நீயே முடிவு செய்துகொள். என்னிடம் கேட்காதே.

முந்தாநாள் நானும் இவரும் தோட்டத்துக்குப் போனோம். எனக்கு முதல் தடவை. ஒரு முழம் அகலம்தான் இருக்கிறது. மாமியார் மேலே கல் பரப்பி, நாய் தோண்டாமல் இருக்க முள் வைத்திருக்கிறார். எனக்கு அங்கே செபம் சொல்ல வரவில்லை. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். அவள் பிறந்தபோது எண்ணூற்று இருபது கிராம். இனி யாராவது கேட்டால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டாக்டர் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது என்கிறார். ஜாக்கிரதையாக இருந்தால் முப்பது வருஷம், நாற்பது வருஷம்கூட இருக்கலாமாம். இன்னொரு பிள்ளைக்கு இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம் என்றார். வெளியே வந்ததும் இவர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உன்னை நினைத்தேன். அவ்வளவு வருஷமும் நீ என் அண்ணன்தான். வேறு அண்ணன் எனக்கு இல்லை. இதை எப்படிச் சுமந்துகொண்டு இருக்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது வராதே. கடிதம் போடு.

பிலோமி